பைக்காரியின் வேங்கைக் கன்றுகள்

நாற்றுப்பண்ணையில் அவளைப் பைக்காரி என்பார்கள். கறுப்புப் பையில் மண்ணும் எருவும் அடைக்கிற வேகத்துக்குக் கிடைத்த பட்டம் அது. கட்டிக்கொண்டவனோ தச்சன். "ஒருத்தி முளைக்க வைக்கிறா, ஒருத்தன் அறுக்கிறான். நல்ல பொருத்தம்!" என்பாள் நாத்தனார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வேங்கை மரம் நின்றது. சுற்றுவட்டாரத்தில் காய்க்கிற வேங்கை அது ஒன்றுதான்; மற்றவையெல்லாம் கதவாகவும் கட்டிலாகவும் போய்ச் சேர்ந்துவிட்டன. பட்டையைக் கீறினால் ரத்தமாகப் பிசின் வடியும். கரையான் கிட்டே வராது. பெரிய வீடு ஒன்றுக்கு வாசல் கதவு செய்யும் வேலை கிடைத்ததிலிருந்து தச்சனின் கண் அந்த மரத்தின் மேலேயே இருந்தது. வெட்ட அனுமதியும் வாங்கிவிட்டான்.

"முதல்ல கன்னு எழும்பட்டும்" என்று பைக்காரி ஒற்றைக்காலில் நின்றாள். அவனும் சரி என்றான்.

வேங்கைக் காய் வட்டமாக, நடுவில் விதையும் சுற்றிலும் தாள் மாதிரி இறக்கையுமாக இருக்கும். ஓடு கெட்டி, பாதிக்குமேல் முளைக்காது. அவள் காயின் இறக்கையை வெட்டி, ஊறவைத்து ஊன்றி, பைகளை வேலியோரப் புங்க மர நிழலில் அடுக்கினாள். கன்றுகள் தளதளவென்று வந்தன. ஒரே பையில் இரண்டு முளைத்தால் கொழுத்ததை விட்டு நோஞ்சானைப் பிடுங்குவது பண்ணைப் பழக்கம். கை தன் பாட்டுக்குப் பிடுங்கித் தள்ளியது.

மரம் அறுக்க ஆட்கள் வருவதற்கு முந்தின சாயங்காலம், தண்ணீர் ஊற்ற வந்த நாத்தனார் ஒரு கன்றைக் கையில் எடுத்தாள்.

"அண்ணி, வேங்கை இலை நுனி உள்ள குழிஞ்சுல்ல இருக்கும்? இது கூரா இருக்கே."

பைக்காரி குனிந்து பார்த்தாள். இலைகள் காம்பில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தன; வேங்கையில் மாறிமாறி இருக்கும். அடுத்த பை. அதற்கடுத்தது. எல்லாம் புங்கன். மேலேயிருந்து விழுந்த புங்க விதை பைக்குப் பை கொழுகொழுவென்று முளைத்திருக்கிறது. அவள் பிடுங்கி எறிந்த நோஞ்சான்கள்தான் வேங்கை.

"ஆஸ்பத்திரியில புள்ளைய மாத்திட்டு வந்த கதையா இருக்கு!" நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணங்கிட்ட சொல்லாதீங்க. அவருக்கு இலையா தெரியப்போகுது?"

அதுதான் பைக்காரியை உறுத்தியது. அவனுக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் மானம் தப்பும். நாளைக்கு மரம் போகும், விதையும் அதோடு போகும்.

பட்டறையில் தச்சன் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, கன்னு ஒண்ணுகூட வேங்கை இல்ல. எல்லாம் புங்கன். நாந்தான் பிடுங்கிப் போட்டேன்."

அரம் நின்றது. "இத்தனை வருஷம் பண்ணையில என்ன புடுங்கின?"

"அதைத்தான் புடுங்கினேன்."

அவன் சிரிக்கவில்லை. "நாளைக்கு வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"என் பொண்டாட்டி விட மாட்டேங்கிறான்னு சொல்லுங்க."

ஆட்கள் திரும்பிப் போனார்கள். கதவு வேலை வேறு தச்சனிடம் போயிற்று. கொஞ்ச நாள் அவன் சோற்றுத் தட்டோடு மட்டும்தான் பேசினான்.

அடுத்த காய்ப்பில் பைக்காரி பைகளை வலைக்கூரைக்கு அடியில், எந்த மரமும் எட்டாத இடத்தில் வைத்தாள். அவன் தகடு வெட்டும் கத்திரியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"குடு இங்க. ஓடு உடையாம இறக்கை வெட்ட உனக்கு வராது" என்று முணுமுணுத்துக்கொண்டே முதல் காயைக் கையில் எடுத்தான்.