சத்தம் நின்ற பிறகும் காத்திருக்கும் ஊர்

சித்திரையில் என் கணவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக வீடு திரும்பினால் இருவரும் நாகூர் தர்காவுக்கு வருகிறோம் என்று அன்று வேண்டிக்கொண்டிருந்தேன். மார்கழிக் கடைசியில்தான் டாக்டர் பயணத்துக்குச் சம்மதித்தார். பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று ஸ்கூட்டரிலேயே கிளம்பினோம். நான் ஓட்ட, அவர் பின்னால்.

பேராவூரணியிலிருந்து திருத்துறைப்பூண்டி எழுபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஒரு லாட்ஜில் இரவு தங்கினோம். வாடகை எண்ணூறு ரூபாய், வெந்நீர் உண்டு, கொசுவும் உண்டு. நாகூருக்கு இன்னும் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருந்தது. பிரதான சாலையில் லாரிகள் அதிகம் என்று லாட்ஜ்காரர் சொன்னதால் கிராமங்கள் வழியாகப் போகும் சாலையைப் பிடித்தோம். காலை ஏழு மணி. அப்படியொரு பனியை நான் பார்த்ததில்லை. இருபுறமும் கதிர் முற்றிய சம்பா வயல்கள் இருக்க வேண்டும்; எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்கூட்டரின் முன்சக்கரம் மட்டும்தான்.

ஒரு வாய்க்கால் பாலம் தாண்டியதும் பனிக்குள் ஒரு சிவப்புத் துணி ஆடியது. பிரேக் போட்டேன். முப்பது வயதுப் பெண் ஒருத்தி வாயில் விரலை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"இன்ஜின ஆஃப் பண்ணுங்கக்கா. பேசாதீங்க."

அணைத்தேன். அதன் பிறகுதான் கவனித்தேன். சாலையோரம் நெடுக ஆட்கள் நின்றிருந்தார்கள். பை மாட்டிய பள்ளிப் பிள்ளைகள், கூடை வைத்திருந்த பெண்கள், கைலியை மடித்துக் கட்டிய ஆண்கள். ஒரு தெருவே வந்து நின்றது போலிருந்தது. ஒருவரும் பேசவில்லை, இருமக்கூட இல்லை. எல்லோர் தலையும் கிழக்கே ஒரே மாதிரி சாய்ந்திருந்தது. என் கணவரின் கை என் தோளை இறுகப் பிடித்தது.

கிழக்கிலிருந்து ஒரு லாரிச் சத்தம் கேட்டது. பாரம் ஏற்றிய வண்டியின் உறுமல். நெருங்க நெருங்க எல்லோரும் தார்ச்சாலையை விட்டுப் பின்வாங்கினார்கள். நானும் ஸ்கூட்டரைச் சரிவில் இறக்கினேன். சத்தம் மிக அருகில் வந்து, நின்றுவிட்டது. பிரேக் போட்ட கிறீச்சோ முகப்பு விளக்கின் வெளிச்சமோ எதுவுமில்லை. எந்த வண்டியும் வரவில்லை.

யாரும் அசையவும் இல்லை. நெல்லிலிருந்து பனி சொட்டுவது காதில் விழுந்தது. நெடுநேரம் கழித்து அந்தப் பெண் துணியை உயர்த்தி, "இப்ப போங்க" என்றாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி எல்லோரும் வேகமாகச் சாலையைக் கடந்து பனிக்குள் மறைந்தார்கள்.

அவள் பெயர் செல்வி, அந்த ஊர் வார்டு உறுப்பினர். என் கணவருக்கு வியர்த்திருப்பதைப் பார்த்துவிட்டு எங்களைப் பக்கத்து டீக்கடைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரர் பக்கிரிசாமி, சர்க்கரை போடாத பால் ஆற்றிக் கொடுத்தார்.

"பனியில கண்ணு உதவாதுக்கா, காதுதான்" என்றாள் செல்வி. வீடுகள் தெற்கே, பள்ளியும் வயல்களும் வடக்கே, நடுவில் சாலை. இவர்களின் தாத்தாக்கள் பண்ணையில் கூலிக்கு இருந்தவர்கள். போராடி, சிறைக்கும் போய், அதன் பிறகு பண்ணையின் உபரி நிலத்துக்குப் பட்டா வாங்கினார்கள். சில வருடங்களுக்கு முன் சாலையை அகலப்படுத்தியபோது அதே நிலத்திலிருந்துதான் இடம் எடுத்தார்கள். ஒரே பனிக்காலத்தில் இரண்டு பேர் அடிபட்டுப் போனார்கள். நாங்கள் போன அன்று பத்து மணிக்கு நெடுஞ்சாலை அதிகாரி ஊர்க் கருத்தைக் கேட்க வருவதாக இருந்தது. முப்பது கிலோமீட்டர் வேகம் என்று போர்டு வேண்டும் என்பது செல்வியின் கோரிக்கை.

பக்கிரிசாமிக்கு அதில் இஷ்டமில்லை. "என் மகளுக்கு வலி எடுத்தப்ப ஆம்புலன்ஸ் பறந்து போனதாலதான் பேரனைப் பாத்தேன். போர்டோட விடுவாங்களா? நாலு வேகத்தடையும் போடுவாங்க. புள்ளத்தாச்சிய வச்சு அதுல ஏத்தி இறக்குவீங்களா?"

"மாமா, ஆம்புலன்ஸ் வர்ற அன்னிக்கும் நாம ரோட்டைத் தாண்டித்தானே ஆகணும்?"

மூலையில் ஒருவர் டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். ராசேந்திரன். அடிபட்ட இரண்டு பேரில் ஒருத்தி அவர் மனைவி மல்லிகா.

"எனக்கு போர்டு வேணாம்" என்றார். "அன்னிக்கு உளுந்து தெளிக்கக் கூடையோட நின்னா. லாரிச் சத்தம் வந்துச்சு, நின்னுச்சு. நமக்காகத்தான் நிறுத்திட்டான்னு நம்பி எறங்கினா. லாரியே இல்லங்க. மேக்கேருந்து கார் வந்துச்சு. போர்டு வச்சா அதையும் நம்பிடுவோம். காது குடுக்கறத விட்டுடுவோம்."

அந்த லாரி எதுதான் என்று கேட்டேன். வாய்க்கால் சுவரில் எதிரொலிக்கிறது என்றார் பக்கிரிசாமி. எங்கோ கிளைச் சாலையில் திரும்புகிறது என்கிறார்களாம் சிலர். "நான் சைக்கிள்ல போய்ப் பாத்தேன்க்கா" என்றாள் செல்வி. "நாலு கிலோமீட்டருக்குத் திரும்ப எடமே இல்ல. ரெண்டு பக்கமும் வயல்தான்."

அப்போது வெளியே சத்தமே இல்லாமல் ஒரு பேட்டரி கார் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. வயலிலிருந்து திரும்பிய ஒரு கிழவர் நடுரோட்டில் இருந்தார். ராசேந்திரன் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். துணியெல்லாம் எடுக்கவில்லை, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றார். அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

ஓட்டியவர் கண்ணாடியை இறக்கினார். "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா?"

ராசேந்திரன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "ஆமாங்க. நீங்க நிக்கிற எடம் எங்கப்பன் வயலுதாங்க."

கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கிழவர் ஓரம் சேரும்வரை காத்திருந்து, ஊர்ந்து ஊர்ந்து போனார். கடைக்குத் திரும்பிய ராசேந்திரன் பெஞ்சில் உட்கார்ந்து மல்லிகா பெயரைச் சொல்லி அழுதார். பக்கிரிசாமி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே செல்வியிடம், "வேகத்தடை வேணாம். போர்டு மட்டும்னா நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். சற்றுப் பொறுத்து ராசேந்திரனும் தலையாட்டினார். "வைக்கட்டும். ஆனா நான் நின்னு கேக்கறத நிறுத்த மாட்டேன்."

பனி விலகிய பிறகே எங்களை அனுப்பினார்கள். பதினொரு மணிக்கு நாகூர் சேர்ந்தோம். தர்காவில் என் கணவர் வெகுநேரம் கண்ணை மூடியபடி இருந்தார். "அவங்களுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தையில் எட்டு மணிக்கு முன் கிளம்பாதீர்கள். வழியில் பெட்ரோல் பங்க் குறைவு, திருத்துறைப்பூண்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஊரின் பெயரை நான் எழுதவில்லை. வீடியோ எடுக்க ஆட்கள் வந்து குவிவார்கள், எழுத வேண்டாம் என்று செல்வி கேட்டுக்கொண்டாள். எந்த ஊராக இருந்தால் என்ன, பனியில் யாராவது கை காட்டினால் நிறுத்துங்கள்.

போன வாரம் செல்வி போன் செய்தாள். போர்டு வைத்துவிட்டார்களாம். முப்பது கேட்டதற்கு நாற்பது போட்டிருக்கிறார்கள். பாதி வண்டிகளாவது மதிக்கின்றனவாம். பிள்ளைகள் இப்போது பேசிக்கொண்டே சாலையைக் கடக்கிறார்கள், ராசேந்திரன் மட்டும் விடியலில் தனியாக வந்து நிற்கிறார் என்றாள்.

"அந்த லாரிச் சத்தம்?" என்று கேட்டேன்.

"வருதுக்கா. போர்டு வச்சதுலேருந்து அதுவும் மெதுவாத்தான் வருது."