கோமதித்தாயின் பிரவுனி இன்னும் உறையவில்லை

எதிர்வீட்டுக் கோமதித்தாய் ராயகிரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் சண்முகையாவுக்குப் பூ மார்க்கெட்டில் கடை. இவள் வீட்டிலிருந்தே பூக் கட்டிக் கொடுப்பாள். விற்காமல் மீந்த மல்லி இரவில் அவர்கள் வீட்டு பிரிட்ஜில் இருக்கும். அதனால் அந்த வீட்டு மோரும் மணக்கும், தோசை மாவும் மணக்கும். அவர்களுக்கு அது தெரிவதில்லை. வெளியாள்தான் சொல்ல வேண்டும்.

ஒரே மகள் அகிலாண்டேஸ்வரி, கோவையில் தன்னோடு வேலை பார்த்த ஜாஸ்பரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து இரண்டு வருடமாகச் சண்முகையா மகளோடு பேசவில்லை. கோமதித்தாய் மகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தே மனதைத் தேற்றிக்கொண்டாள். அதில் ஒருநாள் மகள் செய்த பிரவுனி வந்தது. கீழே கேக், நடுவே அரைத்த கடலை, மேலே சாக்லேட்.

போன மாதம் மகளிடமிருந்து போன்.

"ஞாயித்துக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போற வழியில உன்னை எட்டிப் பாத்துட்டுப் போறோம்மா. அரை மணி நேரந்தான். அப்பா வாரதுக்குள்ள கிளம்பிருவோம்."

அப்பா மதியம்தான் வருவார். அதுவரை அவர்களை எப்படியாவது இருத்தி, எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட வேண்டும். கோமதித்தாய்க்கு வேறு நினைப்பே இல்லை.

மகள் செய்த அதே பிரவுனியைச் செய்து வைக்க யூடியூபில் ஒரு வீடியோவைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, இந்த வீடியோல கப்பு கப்புங்கா. எந்தக் கப்பு? நம்ம காப்பி டம்ளரா?"

கப்புக்கு எத்தனை கிராம் என்று தேடிச் சொன்னேன். மல்லி நிறுக்கும் தராசிலேயே மைதாவையும் சீனியையும் நிறுத்தாள். குக்கரில் உப்பைப் பரப்பி, விசில் போடாமல் கேக்கை வேக வைத்தாள். திருவேங்கடம் ஊரிலிருந்து வந்த நிலக்கடலையை வறுத்துத் தோல் புடைத்து, எண்ணெய் பிரியும்வரை மிக்ஸியில் ஓட்டி, வெண்ணெயும் சீனிப்பொடியும் சேர்த்துக் கேக்கின் மேல் பூசினாள். உருக்கிய சாக்லேட்டை அதன்மேல் ஊற்றி, மல்லிப் பைகளை ஒதுக்கிவிட்டுத் தட்டை பிரிட்ஜில் வைத்தாள். சாயங்காலம் நான் விரலால் தட்டிப் பார்த்தேன். டக்கென்றது; சாக்லேட் நன்றாக உறைந்திருந்தது.

மறுநாள் காலை இருவரும் வந்தபோது மாப்பிள்ளைக்குப் பேச்சுத்துணையாக என்னை உட்கார வைத்திருந்தாள். வெயில், மழை, பஸ் எல்லாம் பேசி முடித்தோம். அகிலா எழுந்தாள்.

"சரிம்மா, கிளம்புதோம்."

"ஏட்டி, இரு. உனக்குன்னு பிரவுனி செஞ்சிருக்கேன்."

"எடு. சாப்பிட்டுட்டே கிளம்புதோம்."

தட்டை எடுத்தால் அவர்கள் போய்விடுவார்கள் என்பது அப்போதுதான் கோமதித்தாய்க்கு உறைத்தது.

"அது இன்னும் உறையலட்டி. மதியம் ஆவும்."

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நான் பாக்கேன்" என்று அகிலா அடுக்களைக்குள் போனாள். பிரிட்ஜ் திறக்கும் சத்தம். பிறகு டக்கென்று ஒரு சத்தம், கூடத்தில் இருந்த எனக்கே கேட்டது. கதவு மூட வெகுநேரம் ஆனது.

வெளியே வந்து கணவனிடம் சொன்னாள்: "உறையலங்க. மதியம் ஆவும்."

"ஆவட்டும்" என்றான் ஜாஸ்பர். "அதுவரைக்கும் அத்தை சோறு போடாமலா இருப்பாக?"

மதியம் சண்முகையா மீந்த மல்லிப் பையோடு வந்தார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார். நேரே போய் பிரிட்ஜைத் திறந்தார்.

"என்னது இது, பூ வைக்க எடமில்லாம?"

அடுக்களையில் அகிலா மட்டும்தான் இருந்தாள். "எடுத்துருதேன்ப்பா."

"இருக்கட்டும்."

பூவை ஈரத்துணியில் சுற்றி வெளியே வைத்துவிட்டுக் கை கழுவ வந்தார். கூடத்தில் இலைகள் விரித்திருந்தன. ஜாஸ்பருக்குப் பக்கத்து இலை ஒன்றுதான் காலியாக இருந்தது. அதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

இனிப்பாகப் பிரவுனிதான் முதலில் வந்தது. ஜாஸ்பர் ஒரு வாய் தின்றுவிட்டு யோசித்தான்.

"அத்தை, இதுல மல்லிப்பூ வாசம் அடிக்கே?"

கோமதித்தாய் கரண்டியோடு அப்படியே நின்றாள். அகிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

சண்முகையா தன் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"பூக்கடைக்காரன் வீட்டுல வேற என்ன வாசம் அடிக்கும், மாப்பிள?" என்றார். "சாப்பிடுங்க."