கேட்காமல் எடுத்த பாட்டு

மரக்காணத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலம் அது. ஒரு பாட்டு டவுன்லோடு ஆக அரை மணி நேரம் பிடிக்கும். எவனோ இன்டர்நெட்டில் ஏற்றி வைத்ததை இறக்கி, சிடியில் போட்டு விற்றேன். பாடியவரைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. பாடுகிறவர்கள் எல்லாம் சென்னையில் இருப்பார்கள் என்று எனக்கு நினைப்பு.

சுனாமி வந்த மறு வருடம், முழங்கால்வரை உப்பளச் சேறு காய்ந்திருக்க ஒரு பெரியவர் கடைக்குள் வந்தார்.

"ஏம்பா, நான் பாடின அம்மன் பாட்டு உன் கம்ப்யூட்டர்ல இருக்குதாமே?"

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்துவிட்டேன். இல்லை என்று கூசாமல் சொன்னேன்.

"அனுமந்தையில வீட்டோட சேர்ந்து கேசட்டும் சுனாமியில போயிடுச்சு. அதைப் போட்ட கம்பெனியும் இப்ப இல்ல. இருந்தா தேடிக் குடுப்பா."

வெட்கத்தோடு பாட்டைச் சிடியில் ஏற்றினேன். ஹெட்போனை மாட்டிவிட்டதும், தன் குரலோடு சேர்ந்து வாயசைத்தபடி கடைசிவரை கேட்டார். கழற்றியபோது முகம் மாறியிருந்தது.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"யாரையும் கேக்கலங்க."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

அது திட்டா, நன்றியா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், நான் எடுக்காமல் இருந்திருந்தால் அவர் கையில் அந்தச் சிடியே இருந்திருக்காதே! குழம்பிப்போய், "வேணும்னா கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சிடறேங்க" என்றேன்.

வாசலை எட்டியவர் திரும்பி முறைத்தார்.

"அதுல கை வெச்சுப் பாரு!"