தீபாவளி சீசனில் மழை கேட்டவன்

தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. அபாயகரமான வேலைக்கு ஒருவரை எடுக்கும் முன்பும், எடுத்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ள மருத்துவர் அவரைப் பரிசோதிக்க வேண்டும். உடம்பு ஒத்துவராதவரை அந்த வேலையில் வைத்திருக்கக் கூடாது. வருவாய்த் துறையில் வேலை பார்த்து, விதிகளை வாசிக்காதவர்களுக்கு விதிகளை விளக்கியே ஓய்வு பெற்றவன் நான். அந்த முறையில் சொல்கிறேன்: குறை சொல்ல முடியாத விதி. என் மாப்பிள்ளை பாண்டி வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியிலும் அதை மீறவில்லை. வருடத்துக்கு ஒருநாள் டாக்டர் வருவார். ஆபீஸ் அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடிப்பார். எல்லோருக்கும் கையெழுத்துப் போடுவார். பரிசோதிக்கப்பட்டவர்கள் அந்த நேரத்தில் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளிதோறும் அம்மன் சன்னதியில் கூடும் நம் குழுவின் மலருக்கு, அவரவர் பெற்ற அருளை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதியிருக்கிறேன். உங்களில் பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

2004 ஆடி மாதம், என் ஒரே மகள் மாரிச்செல்வி சிவகாசியிலிருந்து ஒரு பையோடு விருதுநகர் வீட்டுக்கு வந்து இறங்கினாள். கல்யாணமாகி நான்காவது வருடம். ஏன் வந்தாய் என்று நானும் என் மனைவியும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு அவளே சொன்னாள்.

"அவரு கூட இருக்கப் பயமா இருக்குப்பா. சோறு வைக்கக் கொஞ்சம் நேரமாச்சுன்னு செம்பத் தூக்கி எறிஞ்சாரு. பெறகு அவரே உக்காந்து அழுதாரு. எறிஞ்சதைவிட அழுததுதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

எனக்குத் தெரிந்த பாண்டி அப்படிப்பட்டவன் இல்லை. வேதியியல் டிப்ளமோ படித்தவன். ஒரு கேள்வி கேட்டால் மெதுவாக யோசித்து, நாம் கேட்டதை மறந்த பிறகு பதில் சொல்லுவான். விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். பட்டாசுக்குள் போகும் கலவையை அந்தப் பக்கத்தில் மருந்து என்பார்கள். அதை நிறுத்து, சலித்து, கையால் கலப்பது அவன் பொறுப்பு. கொஞ்சம் அழுத்தி உரசினாலே போதும், அறையும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டான். பொறுமைசாலிக்குத்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள்.

அந்த வருடம் அவன் பொறுமை போயிருந்தது. தூக்கம் இல்லை. ஒரு பானைச் சோற்றைத் தின்றான், உடம்போ இளைத்துக்கொண்டே வந்தது. சட்டை எப்போதும் வியர்வையில் நனைந்திருந்தது. உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தான். கம்பெனியில் இதையெல்லாம் யாரும் வியாதி என்று நினைக்கவில்லை. நினைக்க என்ன காரணம்? தீபாவளி சீசன் வருகிறது; இரண்டு ஆள் வேலையை ஒரே ஆள் பார்க்கிறான்; வீட்டுக்குப் போ என்றாலும் போக மாட்டேன் என்கிறான். முதலாளி மற்றவர்களிடம் அவனைக் காட்டி, "பாண்டியப் பாத்துக் கத்துக்கங்கலே" என்றாராம். நோயை உழைப்பு என்று பாராட்டிய ஊர் வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

கை லேசாக நடுங்கியதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். அவர்களிடமும் விளக்கம் தயாராக இருந்தது. மருந்துச் சூடு. வெடிமருந்தோடு புழங்குகிறவன் உடம்பில் சூடு ஏறும், சூடு ஏறினால் இளைப்பான், கோபப்படுவான், கை ஆடும். அதனால் சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். இளநீர், மோர், வெந்தயம் எல்லாம் ஓடியது. நானும் ஒரு பங்கு வெந்தயம் வாங்கி அனுப்பினேன். சூடு இறங்கவில்லை.

ஆவணி கடைசியில் மாரிச்செல்விக்குக் காய்ச்சல். அதே நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போக பாண்டி வந்து நின்றான். வீட்டு வாசலில் சத்தம் வேண்டாம் என்று இருவரையும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் நாடி பார்க்க மகளின் கையைப் பிடித்தார். பார்வை மட்டும் மாப்பிள்ளை மேல் இருந்தது.

"காய்ச்சல் யாருக்கு?"

"எம் மகளுக்கு."

"அப்ப இவரு ஏன் இந்த அறைக்குள்ள நாலு தடவ நடந்துட்டாரு? தம்பி, இங்க வாங்க. ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினான். டாக்டர் மேஜையிலிருந்த மருந்துச் சீட்டுத் தாள் ஒன்றை எடுத்து அவன் விரல்கள் மேல் வைத்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். காற்றே இல்லாத அறையில் அந்தத் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. மாரிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன வேல பாக்கீங்க?"

"மருந்து கலக்குறேன்."

டாக்டர் அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது இரத்தத்தில் விடும் ஹார்மோன்தான் உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிறது. குறைந்தால் மனுஷன் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் முடங்கிவிடுவான். ஊர் அவனைச் சோம்பேறி என்னும். கூடினால் இதயம் ஓடும், தூக்கம் போகும், சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபமும் அழுகையும் வரும், ஓயாமல் வேலை செய்யச் சொல்லும். ஊர் அவனைச் சுறுசுறுப்பானவன் என்னும், பெண்டாட்டி ராட்சசன் என்பாள். "இவருக்குக் கூடியிருக்கும்னு நெனைக்கேன். இரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்புவோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் மருந்து அறைப் பக்கம் போகக் கூடாது" என்று சொல்லி, படபடப்பு அடங்க மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

எனக்குத் தெரிந்த அதிகாரிகள் சிலர் நினைவுக்கு வந்தார்கள். பதினோரு மணிக்குக் கர்ஜித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணீர் விட்ட ஒருவரை நாங்கள் கடைசி வரை குணக்கேடர் என்றே வைத்திருந்தோம். யாரும் அவர் கழுத்தைப் பார்க்கவில்லை.

இரத்தம் கொடுத்த பாண்டி, மாத்திரையை எங்கள் வீட்டு அலமாரியில் விட்டுவிட்டுப் போனான். "சீசன்ல லீவு போட்டா யாரு மாமா கலப்பா? எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்க மகளும் டாக்டரும் சேந்து என்னய நோயாளி ஆக்காதீக." உட்கார முடியாததுதான் நோய், உட்காரச் சொன்னால் அவன் எப்படிக் கேட்பான்?

மறுநாள் நான் விஸ்வநத்தம் போய் மேனேஜரைப் பார்த்தேன். விதியைச் சொன்னேன். பிரிவு எண்ணையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"விதிப்படியே செஞ்சிருவோம் சார். பேப்பர் கொண்டாங்க."

"பேப்பர் வர ரெண்டு வாரம் ஆகும்னு டாக்டர் சொல்றாங்க. அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?"

"நீங்க அரசாங்கத்துல இருந்தவுக. பேப்பர் இல்லாம நான் எப்படி ஆள மாத்த முடியும்? அதுவும் எங்ககிட்ட இருக்கதுலயே நல்ல ஆளு."

பதிலில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு மனு எழுதலாம். ஆனால் மனு எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளையின் விரலுக்கும் மருந்துக்கும் நடுவில் நிறுத்த எனக்குத் தெரிந்த அதிகாரி யாரும் மிச்சமில்லை. என் மகள் திரும்பிப் போவதா வேண்டாமா என்ற பேச்சுக்கே, முதலில் அவன் உயிரோடு இருக்க வேண்டும். அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு அழ வேண்டும் போல் இருந்தது. அழவில்லை. பக்கத்தில் தெரிந்தவர் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நம் கோவிலில் சிறப்புப் பூஜை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சீசன் முடியும் வரை மழை வரக் கூடாது என்று வருடா வருடம் நடக்கிற பூஜை. மழையில் மருந்து நமத்துப் போகும், களத்தில் காயப்போட முடியாது, இடி இடித்தால் எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். ஆகவே மழைத் தெய்வத்திடம் போய் மழை வேண்டாம் என்று கேட்கிற கூட்டம் நாம். எல்லோரும் விளக்கேற்றிக் கண்ணை மூடினீர்கள். நானும் மூடினேன். "தாயே, கொட்டு. அந்த ரிசல்ட் வருகிற வரைக்கும் கம்பெனிக் கதவு திறக்கக் கூடாது" என்று கேட்டேன்.

பக்கத்தில் நின்ற அச்சக அண்ணாச்சி வெளியே வந்ததும் கேட்டார். "என்ன அண்ணாச்சி, இம்புட்டு நேரமா உருகுனீக? நாங்க சூடம் அணஞ்சு வெளிய வந்துட்டோம்."

"ஒங்க மனுவுக்கு எதிர்மனு போட்டுட்டு வாரேன்."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

மறுநாள் மதியம் வெம்பக்கோட்டைப் பக்கம் வானம் கறுத்தது. சாயங்காலம் இடியோடு பிடித்த மழை மறுநாளும் விடவில்லை, அடுத்த நாளும் விடவில்லை. ஷெட்டுகளைப் பூட்டினார்கள். பாண்டி வீட்டுக்குள் கூண்டில் அடைத்தது போல நடந்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னார். ஜன்னலைத் திறந்து மேகத்தைத் திட்டினானாம். நான் இங்கே அதே மேகத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த மழையில் தினக்கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதை அம்மன் எப்படி நேர் செய்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் வேண்டிக்கொண்டதை மட்டும் சொல்கிறேன், மறைக்காமல்.

மழை விட்டு விட்டுப் பெய்ததே தவிர, தரை காய இடம் கொடுக்கவில்லை. புரட்டாசி மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை ரிசல்ட் வந்தது. எடுத்துக்கொண்டு சிவகாசி பஸ்ஸில் ஏறினேன். திருத்தங்கல் தாண்டும்போது வெயில் அடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பாண்டி சாப்பாட்டுத் தூக்கைக் கையில் மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். தாளை நீட்டினேன். படித்தவன் அல்லவா, இருக்க வேண்டிய அளவையும் இருக்கிற அளவையும் அவனே பார்த்தான். வண்டியை நிறுத்தினான். படியில் உட்கார்ந்தான். மாதக்கணக்கில் அவன் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அப்ப அது நான் இல்லையா மாமா?"

"எம்புட்டு நீ, எம்புட்டு சுரப்பின்னு மாத்திரை சாப்பிட்டாத்தான் தெரியும்."

மேனேஜரிடம் பேப்பரைக் கொடுத்தோம். விதிப்படி அன்றே மருந்து அறையிலிருந்து மாற்றினார்கள். அவனை லேபிள் கிடங்கில் வைத்தார்கள். அங்கே கை நடுங்கினால் காகிதம்தான் விழும்.

சுரப்பியை அடக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை மெதுவாக வேலை செய்தது. கார்த்திகையில் தூங்கினான். மார்கழியில் சதை பிடித்தது. கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்லத் தொடங்கினான். நான் இப்போது வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறேன். கோபக்காரனைப் பார்த்தால் முதலில் தூங்கினானா என்று கேட்கிறேன். இது எனக்குப் புதுப் பழக்கம். உங்களுக்கும் சொல்கிறேன்: கஷ்டம் வந்தால் அவளிடம் தயங்காமல் கேளுங்கள். பக்கத்தில் நிற்பவர் எதிராகக் கேட்கிறார் என்று பார்க்காதீர்கள், யார் மனுவை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கேட்டுவிட்டு டாக்டரிடமும் போங்கள். எனக்கு அவள் இரண்டு வழியாகவும்தான் வந்தாள்.

மகள் விஷயம் மிச்சம் இருக்கிறது. ரிசல்ட் வந்த வாரமே பாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து, "வாரியா செல்வி?" என்று கேட்டான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். என் மனைவி அவளைக் கடிந்துகொண்டாள்: "நோய்னு டாக்டரே சொல்லியாச்சு, இன்னும் என்னடி?" மாரிச்செல்வி சொன்னாள்: "செம்ப எறிஞ்சது சுரப்பியா இருக்கலாம்மா. பயந்தது நான்தான." அதற்கு என்னிடம் எந்த விதியும் இல்லை. அவளை வற்புறுத்த வேண்டாம் என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். அவன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், அந்தக் கேள்வியை மறுபடி கேட்காமல் திரும்பிப் போனான்.

அப்படி ஒரு ஞாயிறு அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் தன் பையை எடுத்து வந்து அவன் வண்டி மேல் வைத்தாள். "மெதுவா ஓட்டுங்க" என்றாள். 2005, தை மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.