போய் யுகேஜியில் உட்காரு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தாம்பரத்து வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, நாற்பத்தாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டாம் வகுப்பு எடுத்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும். ஆனால் நான் அடிக்க மாட்டேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. பிரம்பு வைத்திருந்த மற்ற மிஸ்களைப் பார்த்து மனதுக்குள் முகம் சுளிப்பேன். என்னிடம் இருந்ததெல்லாம் வாய்தான்.

அந்த வாயில் அடிக்கடி வரும் வசனம் ஒன்று உண்டு. "போய் யுகேஜியில உட்காரு. அங்கதான் உனக்கு இடம்." யாரும் போனதில்லை. எழுந்து இரண்டு அடி வைக்கும், உதடு பிதுங்கும், "சாரி மிஸ்" வரும், நானும் இறங்கி வந்துவிடுவேன். அது வெறும் நாடகம் என்று பிள்ளைகளுக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, ஜூலை மாதம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டிக்டேஷன் வைத்தேன். புதிதாகச் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்த ஒரு பெண், மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகள், பத்துக்கு ஒன்று வாங்கியிருந்தாள். நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டி, என் வசனத்தைச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து அடுத்த பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். அவள் இடம் காலியாக இருந்ததா? சத்தியமாக நான் கவனிக்கவில்லை. இன்றுவரை எனக்கு ஜீரணமாகாதது அதுதான்.

மூன்றரைக்கு மணி அடித்தது. முதல் டிரிப் வேன்கள் கிளம்பிய பிறகும் அவளுடைய அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு கேட்டிலேயே நின்றிருந்தார்.

"மிஸ், பாப்பா இன்னும் வரலியே?"

"இப்ப வந்துடுவா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். பெஞ்சில் பையும் இல்லை. பையோடு போயிருந்தால் வெளியேதான் போயிருக்க வேண்டும். பள்ளியை விட்டு இறங்கினால் ஒரு தெரு, தெரு முடிந்தால் ஜி.எஸ்.டி. ரோடு, ரோட்டைத் தாண்டினால் தண்டவாளம். நான் தினமும் ஊரப்பாக்கத்திலிருந்து அந்த ரயிலில்தான் வருவேன். பெரியவர்கள் தண்டவாளத்தைக் கடப்பதைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வேன். அவளுக்கு ஏழு வயது.

வாட்ச்மேன் தெருமுனைக்கு ஓடினார். பி.டி. சார் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார். தலைமை ஆசிரியை என்னை நேராகப் பார்த்து, "நீங்க ஏதாவது திட்டினீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

வாய் கூசாமல் சொன்னேன். வேலை போய்விடுமோ என்று பயம். பக்கத்திலேயே அந்த அம்மா நிற்கிறார் என்ற வெட்கம் வேறு. திரும்பத் திரும்ப ரயில் ஹார்ன் கேட்டது. கர்த்தரே, இந்த ஒரு தடவை மட்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சொன்ன பொய்யை மட்டும் விடவில்லை.

கால் மணி நேரம் அப்படியே போனது. இரண்டாவது டிரிப் வேனுக்காக நின்றிருந்த என் வகுப்புப் பெண் ஒருத்தி மெதுவாக வந்து என் புடவையை இழுத்தாள்.

"மிஸ், நீங்கதானே அவள யுகேஜிக்குப் போகச் சொன்னீங்க?"

எல்லோருக்கும் கேட்டது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஓடினேன். யுகேஜி பிள்ளைகள் பன்னிரண்டரைக்கே வீட்டுக்குப் போய்விடுவார்கள். பின்கட்டில் இருந்த அந்த அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. "காலியாத்தானே கீதுன்னு எட்டிக்கூடப் பாக்காம சாத்திட்டேம்மா" என்று அந்த அம்மாவோடு பின்னாலேயே ஓடிவந்த ஆயா தலையில் அடித்துக்கொண்டார்.

தாழ்ப்பாளை நீக்கியதும், ஜன்னல்கள் மூடிக்கிடந்த அறையின் புழுக்கம் முகத்தில் அடித்தது. கடைசி வரிசையில், அவளுக்குப் போதாத ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பாவாடை நனைந்து காலடியில் ஈரம். மிஸ் இல்லாத வகுப்பில் வாயில் விரல் வைத்து உட்கார வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். வைத்திருந்தாள். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். கதவைத் தட்டவில்லை, கத்தவும் இல்லை.

அம்மாவைப் பார்த்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். விரல் உதட்டிலேயே இருந்தது. நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "கையை எடும்மா" என்றேன். எடுத்தாள்.

அந்த அம்மா என்னை ஓர் அறை விட்டிருக்கலாம். எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மகளை அணைத்துக்கொண்டு, "மிஸ் பேச்சைத் தட்டக் கூடாதுன்னு நான்தான் தினமும் சொல்லி அனுப்புறேன், மிஸ்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

என் வேலை போகவில்லை. தலைமை ஆசிரியை இனிமேல் ஜாக்கிரதை என்று சொன்னதோடு சரி. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் நாளைக்கு வரக் கூடாது, வேறு பள்ளிக்குப் போய்விட வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அவளைப் பார்க்க அவ்வளவு பயம்.

மறுநாள் முதல் மணிக்கே வந்துவிட்டாள். எண்ணெய் வைத்து வாரிய தலை, துவைத்த யூனிஃபார்ம். உள்ளே வரவில்லை. பையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்று கேட்டாள்.

"மிஸ், இன்னிக்கு நான் எந்த கிளாஸ்ல உட்காரணும்?"