பாம்பணையில் ஒரு பச்சை நைட்டி

போன ஞாயிற்றுக்கிழமை உறையூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குச் சம்பந்தம் பேசப் போனோம். எதிர்வீட்டு வளர்மதி, அவர் கணவர், மகள் கயல்... அப்புறம் நான். "பத்திரிகையில எழுதறவங்க நீங்க. கூட இருந்தா தைரியமா இருக்கும், வாங்க" என்று வளர்மதி கையோடு கூட்டிப் போய்விட்டார்.

தைரியம் தேவைதான். கயலுக்கும் வாசுவுக்கும் சென்னையில் ஒரே அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை. காதல். இவர்கள் நெசவுக் குடும்பம். வாசுவின் அப்பாவோ பெருமாளைச் சேவிக்காமல் காபிகூடக் குடிக்காதவர். இரண்டு வீட்டாரும் சந்திப்பது இதுதான் முதல் முறை.

எல்லாம் நன்றாகத்தான் போனது - வாசு வாயைத் திறக்கும் வரை.

"அப்பா, கயல் தனியா ஒரு குறும்படம் பண்ணியிருக்கா. பாருங்கோளேன்!"

வேண்டாம் என்று கயல் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் எங்கே அவளைப் பார்த்தான்? டிவியில் படம் ஓட ஆரம்பித்துவிட்டது.

கனவு மாதிரி ஒரு படம். வசனமே கிடையாது. ஆகாயத்தில் மீன்கள் நீந்துகின்றன. ஒரு கோபுரம் மெதுவாக நடந்து போய் ஆற்றில் தண்ணீர் குடிக்கிறது. கதவுக்குள் கதவாக ஏழு கதவுகள். கடைசிக் கதவு திறந்தால்... சுருண்ட பாம்பின் மேல், பச்சை நைட்டியோடு ஒரு பெண்மணி குறட்டை விட்டுத் தூங்குகிறார். காலடியில் ஒரு பிரஷர் குக்கர்!



"யார் இது?" என்றார் வாசுவின் அப்பா.

"எங்கம்மா, அங்கிள்..." என்றாள் கயல்.

"ஏழு பிராகாரம், பாம்பணை... பெருமாள் சயனிச்சிண்டிருக்கற இடத்துல நைட்டியா?"

வளர்மதியின் கணவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார், எழுந்து கிளம்புகிறவர் மாதிரி. நான் என் பங்குக்கு, "இதெல்லாம் குறியீடு சார். ஜீவாத்மா வந்து..." என்று ஆரம்பித்தேன். வாசுவின் அப்பா பார்த்த பார்வையில் ஜீவாத்மா அங்கேயே நின்றுவிட்டது.

அதுவரை சமையலறை வாசலில் நின்றிருந்த வாசுவின் அம்மா, வந்து உட்கார்ந்தார்.

"கடைசி சீனை இன்னொரு தரம் போடு, வாசு."

போட்டான்.

"ஏம்மா, அந்தப் பாம்பு குக்கர்கிட்ட என்ன பண்றது?"

"விசில் வரப்போ வாயால அமுக்கிப் பிடிச்சுக்கும் ஆன்ட்டி. அம்மா முழிச்சிடக் கூடாதுல்ல?"

மாமி சிரித்தேவிட்டார். "ஆதிசேஷனுக்கு வேற என்ன வேலை? அதுதானே கைங்கர்யம்!"

"நீ வேற! பெருமாள் தூங்கறது நம்ம தூக்கம் மாதிரியா? அது யோக நித்திரை. எல்லாத்தையும் கவனிச்சிண்டே தூங்கறது" என்றார் மாமா.

"நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான் தூங்கறேன். பால்காரன் மணி, மோட்டார் சத்தம், உங்க இருமல்... எது என் காதுக்குத் தப்பறது? இந்தப் பொண்ணு அவ அம்மாவை நெஜமாவே தூங்க வெச்சிருக்கா. பெருமாள் கோச்சுக்க மாட்டார். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்."

மாமா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பாம்பை உற்றுப் பார்த்தார்.

"ஆதிசேஷன்னா அஞ்சு தலை வேணும். இதுல ஒண்ணுதான் இருக்கு."

"போட்டுடறேன் அங்கிள்!" என்றாள் கயல், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்தத் திருத்தம்தான் சம்மதம். தை மாசத்தில் கல்யாணம்.

ஒரு படத்தில் வரும் பாம்புக்கும் மீனுக்கும் என்ன அர்த்தம் என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பார்க்கிறவர்களோ, தங்களுக்கு எது கிடைக்கவில்லையோ அதை அதில் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். சாமியும் அதற்குத்தானே இருக்கிறார்?

திரும்பும்போது, காவிரிப் பாலத்தில் வளர்மதி மகள் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, அந்த நைட்டிய மாத்தி நல்லதா ஒரு பட்டுச் சேலை கட்டிவிடக் கூடாதா?"

"பட்டுச் சேலை கட்டிக்கிட்டா யாருக்கும்மா தூக்கம் வரும்?"