மடவைக்கு வீசிய முள்

மீன் பிடிக்கப் போன இடத்தில் ஒரு மனிதரின் கன்னத்தைக் கிழித்தவன் நான்.

தண்டையார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஆறு நாள் இரும்பைக் கடைந்துவிட்டு, ஞாயிறு விடிந்ததும் எதிர் வீட்டு வெல்டரோடு பைக்கில் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய்விடுவேன். அவன் என்னை மாமு என்பான். உறவு ஒன்றும் கிடையாது. ஆளுக்கொரு தூண்டில் ராடு, பொதுவாக ஒரு கோணிப்பை.

இரை வைத்துக் காத்திருக்கும் பொறுமை எங்களுக்கு இல்லை. மூன்று பக்கமும் முள் நீட்டிய பெரிய கொக்கி, அதற்குக் கீழே ஈயக்குண்டு. மீன் கூட்டத்துக்கு நடுவே வீசி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். முதுகு, வயிறு, கண், எங்கே முள் ஏறினாலும் சரி. பத்து இழுப்பில் நாலு மீன் கரைக்கு வரும். மற்றவை சதை பிய்ந்து, குடல் தொங்க ஓடும். தண்ணீர் ஒரு கணம் சிவந்து தெளியும். எனக்கு அது பிடித்திருந்தது. இழுக்கும்போது தோள் வரை ஏறும் அந்தச் சுகத்துக்காகத்தான் போனேன் என்றே சொல்ல வேண்டும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மடவை மீன்கள் சினையோடு கூட்டமாக வந்து கடலுக்குள் போகும். அந்த நாட்களில் அங்கே வலைகூடப் போடக் கூடாது என்று முகத்துவாரக்குப்பத்துக்காரர்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். மற்ற நாட்களில் ராடோடு வருகிறவர்களுக்கு ஆளுக்கு ரெண்டு மீன், அதுவும் இரை வைத்து மட்டும். கரையில் கொட்டிய பாறை ஒன்றில் பெயின்ட்டால் எழுதியே வைத்திருந்தார்கள். நாங்கள் அந்தப் பாறைமேல் உட்கார்ந்துதான் டீ குடிப்போம்.

மடவை வந்த ஒரு ஞாயிறு, எட்டு மணிக்கே கோணிப்பை பாதி நிறைந்துவிட்டது. குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பின்னாலேயே அவர் மனைவி.

"இன்னா நைனா, எழுதி வெச்சது கண்ணுக்குத் தெரியலையா? சினை மீனு அது. வுட்டுடு" என்றார்.

"கடலு இன்னா உங்க அப்பன் வூட்டு சொத்தா?" என்றான் வெல்டர்.

அந்த அம்மாள் நேரே கோணிப்பையிடம் போனார். அதைக் கவிழ்த்து, மீன்களைக் காலால் தண்ணீருக்குத் தள்ளினார். பாதி அதற்குள் செத்திருந்தன. வெல்டர் பாய்ந்து அவர் முடியைப் பிடித்து இழுத்துப் பாறையில் தள்ளினான். முழங்கை பிளந்து ரத்தம் கொட்டியது. கணவர் விட்ட ஒரே குத்தில் வெல்டரின் மூக்கு உடைந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்தார். என் கையில் ராடு இருந்தது. அவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எனக்கு நேர் எதிரே நின்றார்.

"இப்ப போடுறா. எம்மேல போடு, பாக்கலாம்."

பயமுறுத்தத்தான் வீசினேன். குண்டு அவருக்குப் பின்னால் போய் விழுந்தது. லைன் அவர் தோளின் மேல் கிடந்தது. அப்படியே விட்டிருக்கலாம். வருஷக்கணக்காகப் பழகிய கை, வெடுக்கென்று இழுத்தது. கை என்று சொல்வது தப்பு. நான் இழுத்தேன்.

ராடு வளைந்தது. எந்த மீனிலும் அறியாத கனம். கண்ணுக்குக் கீழே ஏறிய முள், அவர் முகம் குப்புற விழுந்தபோது கன்னத்தைக் கிழித்துக்கொண்டு வாயோரம் வந்து நின்றது. அவர் கத்தவில்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டே எழுந்தார்.

அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் குப்பமே ஓடி வந்தது. வெல்டர் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான். நான் தனியாக அகப்பட்டேன். துடுப்பு ஒன்று என் காறை எலும்பில் இறங்கியது; உள்ளே அது முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் ராடாலேயே என் முதுகில் அடித்தார்கள், அது உடையும் வரை. வாயில் மண்ணும் ஒரு பல்லும்.

"அவன அப்பால அடிச்சுக்கலாம். ஆட்டோ கொண்டாங்கடா மொதல்ல!" என்று அந்த அம்மாள் கத்தியதால்தான் பிழைத்தேன்.

லைனை அறுத்துவிட்டார்கள். ஆனால் கொக்கிக்கும் குண்டுக்கும் நடுவே இருந்த எஃகுக் கம்பியை நான்தான் பட்டறையில் முறுக்கியிருந்தேன். எந்தக் கத்திக்கும் அது அறுபடவில்லை. குண்டு ஆடும்போதெல்லாம் காயம் வாய் திறந்தது. யாராவது அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். என்னையும் அதே ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள்.

"நீ கட்டுன குண்டுதான? நீயே புடி. ஆட்டுன, இங்கியே கொன்னுடுவேன்" என்றார் அந்த அம்மாள். கணவரின் தலையை மடியில் அணைத்திருந்தார். அவர் முழங்கை ரத்தம் என் கால்மேல் சொட்டியது.

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போனோம். ஒவ்வொரு பள்ளத்திலும் என் முறிந்த எலும்பு உள்ளே குத்தியது. நல்ல கையில் அந்த ஈயத்தை ஏந்திக்கொண்டு, அந்த மனிதரின் முகம் போகிற பக்கமெல்லாம் கையைக் கொண்டுபோனேன். திருவொற்றியூரில் சிக்னலில் நின்றபோது அவர் ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

ஆஸ்பத்திரியில் கொக்கியை எடுத்தார்கள். கண் தப்பியது. மறுநாள் மூக்கில் பிளாஸ்திரியோடு வெல்டர் என் கட்டிலுக்கு வந்தான்.

"மாமு, அவனே வந்து முள்ளுமேல விய்ந்தான்னு சொல்லு. நம்மள அடிச்சதுக்கு நாமளும் கேஸ் குடுப்போம்" என்றான்.

போலீஸ்காரர் எழுதிக்கொள்ள வந்தபோது, "நான்தான் இழுத்தேன் சார்" என்றேன். அவன் அந்த அம்மாளைத் தள்ளியதையும் சொன்னேன். போலீஸ்காரர் போனதும் வெல்டர் என் காறை எலும்பில், கட்டின்மேலேயே, முஷ்டியால் குத்தினான். நர்ஸ்கள் வந்து இழுத்துப் போனார்கள்.

கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் கோர்ட் வராந்தாவில் அவரையும் அவர் மனைவியையும் பார்ப்பேன். அவர் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. பேசினால் எச்சில் ஒழுகுகிறது, துண்டால் துடைத்துக்கொள்கிறார். போன முறை அவராகவே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னும் முள்ளு போட்டுக்கினு கீறியா?"

"இல்லண்ணா."

"உன் தோஸ்து போடறான். இப்ப வேற பக்கமா வர்றான். பாத்தேன்."

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே எங்கள் கேஸைக் கூப்பிட்டார்கள். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். நான் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனேன்.